மேலகரத்தில் ஒரு 'பையன் பார்க்கும்' படலம்!

ஜூன் பிறந்து, செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று ஜில்லென்று வீச ஆரம்பித்தால் போதும்... தமிழ்நாட்டில் பாதி ஆபீஸ்களில் திடீர் திடீரென்று பாட்டிகள் காலமாவார்கள். லீவு லெட்டரை மேஜையில் வைத்துவிட்டு, வேன் பிடித்து, எண்ணெய் பாட்டிலும் துண்டுமாகக் கிளம்பிவிடும் ஒரு கோஷ்டி. எங்கே? வேறெங்கே... குற்றாலம்தான்!

தென்காசி தாண்டியதும் 'மெயின் அருவியில தண்ணி விழுதா?' என்கிற ஒரே கவலையோடு பறக்கிற இந்தக் கோஷ்டியில் முக்கால்வாசிப் பேருக்கு, நடுவில் ஓர் ஊர் இருப்பதே தெரியாது. அதுதான் மேலகரம். தென்காசி - குற்றாலம் ரோட்டில் இருக்கிற பேரூராட்சி. ஒரு பக்கம் மலை. கிட்டத்திலேயே இலஞ்சி முருகன் கோயில். வயல்காட்டுக் காற்று ஆளைத் தாலாட்டும். மெயின் அருவிக்கு ஷேர் ஆட்டோவில் ஏறி, பக்கத்து ஸீட்காரர் ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் கடந்துவிடுவீர்கள்.

அப்படிக் கடந்து போகக் கூடாத ஊர் ஸார் இது. குற்றாலக் குறவஞ்சி எழுதினாரே திரிகூடராசப்பக் கவிராயர், அவர் பிறந்த மண். வசந்தவல்லி பந்தாடுகிற அழகை அவர் பாடியிருப்பதைப் படித்தால், ரேடியோவில் கமென்டரி கேட்கிற மாதிரி அத்தனை விறுவிறுப்பு! அந்தத் திறமையை மதித்து, மதுரையை ஆண்ட நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர், கவிராயருக்கு நிலமே எழுதிக் கொடுத்தார். 'குறவஞ்சி மேடு' என்று அந்த நிலத்துக்கே பேராகிவிட்டது.

ஆக, திறமைசாலியைப் பெரிய இடத்து ஆட்கள் தேடி வருவது மேலகரத்துக்குப் புதுசல்ல. அன்றைக்குக் கொடுத்தது நிலம். இன்றைக்குக் கொடுப்பது ஹாஸ்டல் ரூமும், காலையில் ரெண்டு முட்டையும். யாருக்கு என்கிறீர்களா? கபடி ஆடுகிற பையனுக்கு!

எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவருக்குச் சொந்த ஊர் மேலகரம். அவருடைய அக்கா மகன் ப்ளஸ் டூ முடித்திருந்தான். மே மாதக் கடைசியில் நண்பர் என் மேஜைக்கு வந்து குசுகுசுவென்று சொன்னார்:

"ஸார், நம்ம மருமகனைக் கேட்டு மூணு காலேஜ்காரங்க வாராங்க. அத்தானுக்கு ஒண்ணும் ஓடலை. நீங்களும் கூட வாங்க. நாலு வார்த்தை விவரமாப் பேசுவீங்க. அப்படியே அஞ்சருவியில ஒரு குளியலையும் போட்டுரலாம்."

எனக்கு விவரமாகப் பேச வருமோ இல்லையோ, நன்றாகக் குளிக்க வரும். பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம், வீட்டுத் திண்ணையில் ஏற்கெனவே ஒரு தாம்பாளம். ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். கொண்டு வந்தவர் ஒரு காலேஜின் பிஸிகல் டைரக்டர். பையனின் ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார்: "ஏட்டி, நம்ம வீட்ல யாருக்கு மேலுக்கு முடியலை?"

"யாருக்கும் ஒண்ணுமில்லம்மா. பேரனைப் பாக்க வந்திருக்காவ."

"அவனுக்குப் பதினேழு வயசுதானட்டி ஆவுது! அதுக்குள்ள பொண்ணு குடுக்க வந்துட்டாவளா?"

ஆச்சி சொன்னதில் தப்பே கிடையாது. அச்சு அசல் சம்பந்தம் பேசுகிற வீடு மாதிரிதான் இருந்தது. அக்கா காபி கொண்டு வந்தார். வந்தவர் பையனை மேலும் கீழும் பார்த்தார். "உயரம் எவ்வளவு? எடை எவ்வளவு? கொஞ்சம் எழுந்து நில்லு தம்பி" என்றார். ஜாதகம் மட்டும்தான் கேட்கவில்லை. அதற்குப் பதில் சர்ட்டிபிகேட் ஃபைலைக் கேட்டார்.

அன்று ராத்திரி பக்கத்து ஊரில் மின்னொளி கபடி. அங்கே போய்ப் பார்த்தபோதுதான் எதற்கு இத்தனை மரியாதை என்று எனக்கு விளங்கியது.

கபடி பார்க்காதவர்களுக்காக நாலு வரி. களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். எதிரே ஏழு பேர். பாடிப் போகிறவன் ஒருத்தன். அவனுக்கு 30 செகண்ட்தான் டைம். மூச்சை விடாமல் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே போய், யாரையாவது தொட்டுவிட்டு, நடுக்கோட்டுக்குத் திரும்பி வர வேண்டும். அடுத்தடுத்து ரெண்டு தடவை வெறுங்கையோடு வந்தால், மூணாவது தடவை பாடிப் போகிறவன் பாயின்ட் எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் அவன் அவுட்! நம் ஆபீஸில் மார்ச் 31-ம் தேதி சாயங்காலம் மேனேஜர் ஃபைல் கேட்பாரே, கிட்டத்தட்ட அந்த நிலைமை.

நம்ம பையன் பாடிப் போன அழகை என்னவென்று சொல்ல! ஒல்லியான இடுப்பு. வலது பக்கம் போகிற மாதிரி தோளைக் காட்டி, இடது பக்கம் காலை நீட்டினான். கார்னர் ஆள் தொடையைப் பிடித்தார். 'போச்சுடா' என்று நான் கண்ணை மூடித் திறப்பதற்குள், உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். விசில் காதைக் கிழித்தது. "ஏல மக்கா, எண்ணெய் தடவிட்டு வந்திருக்கியால?" என்று யாரோ கத்த, கூட்டம் முழுக்கச் சிரிப்பு. சேர் போட்டு உட்கார்ந்திருந்த ரெண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்தான் மறுநாள் வரப்போகிற ரெண்டு, மூணு நம்பர் 'சம்பந்தி'கள்!

இந்தப் பையன்கள் எப்படி இவர்கள் கண்ணில் படுகிறார்கள்? அதற்கு ஓர் ஏணி இருக்கிறது. ஸ்கூல் டீம், அப்புறம் மாவட்டம், அப்புறம் மாநில அளவில் பள்ளிகளுக்கான குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகள். அங்கே ஜொலித்தால் தமிழ்நாடு பள்ளி அணி. ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம் உண்டு. நாட்டுக்காக ஆடினால் படிவம் 1, மாநிலத்துக்காக ஆடினால் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆடினால் படிவம் 3, தேசியப் பள்ளிப் போட்டியில் ஆடினால் படிவம் 4. நாளைக்கு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவிகித ஒதுக்கீட்டில் விண்ணப்பம் போடும்போது, பேசப்போவது கோப்பை இல்லை ஸார், இந்தக் காகிதம்தான். பித்தளைக் கோப்பையைப் பரணில் போடலாம். காகிதத்தை பீரோவில் வைக்க வேண்டும்.

காலேஜ்காரர்களுக்கு என்ன ஆதாயம்? நல்ல ரைடர் ஒருத்தன் கிடைத்தால் பல்கலைக்கழகக் கோப்பை அவர்கள் ஷோகேஸுக்கு வரும். பேப்பரில் போட்டோ வரும். அதைப் பார்த்து அடுத்த வருஷம் நாலு நல்ல பையன்கள் வருவார்கள். அதனால்தான் ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் இலவசம், ஷூ இலவசம் என்று வரிசையாக வரம் கொடுக்கிறார்கள்.

மறுநாள் காலை டீக்கடையில் இதே பேச்சுதான். பழைய ஆட்டக்காரர் ஒருத்தர், முழங்காலில் ரெண்டு இடத்தில் தழும்போடு உட்கார்ந்திருந்தார்.

"எங்க காலத்துல ஆப்பிள் ஏது, ஆரஞ்சு ஏது! மணத்தி கணேசனைத் தெரியும்லா?" என்று ஆரம்பித்தார்.

கபடி தெரிந்த தென்பாண்டிச் சீமையில் அந்தப் பேரைத் தெரியாதவர் உண்டா? தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்துப் பிள்ளை. ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்தது 1990-ல், பீஜிங்கில். அடுத்து 1994-ல் ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் கணேசன் இருந்தார். 1995-க்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. 2025 தீபாவளிக்கு வந்த மாரி செல்வராஜின் 'பைசன்' படத்துக்கு இவர் வாழ்க்கைதான் தூண்டுகோல்.

"அவரை எது தூக்கி விட்டுச்சு தெரியுமா? மில்லு! நம்ம சேரன்மகாதேவி சன் பேப்பர் மில்லுல கபடி டீம் இருந்துச்சு. அதுல ஆடுனாரு. பொறவு மின்சார வாரியத்துல வேலை. ஆட்டம் நின்னாலும் சம்பளம் நிக்காதுல்லா!" என்று முடித்தார் பெரியவர்.

நெல்லையிலிருந்து தென்காசிக்கு ரயிலில் வந்தால் சேரன்மகாதேவி ஸ்டேஷன் வழியாகத்தான் வர வேண்டும். அந்தக் கால ஆட்டக்காரனுக்கு உலகம் ரொம்பச் சின்னது. கிட்டத்தில் ஒரு மில், இல்லாவிட்டால் ரயில்வே, போலீஸ், வங்கி, மின்வாரியம். பணம் கொஞ்சம்தான். ஆனால் மாசாமாசம் வரும்.

இப்போது அப்படியில்லை. 2014-ல் புரோ கபடி லீக் ஆரம்பித்தபோது ஏலத்தில் அதிகபட்சமாக ராகேஷ் குமாருக்கு 12.8 லட்சம் கொடுத்தார்கள். 2023-ல் பவன் ஷெராவத்துக்குக் கொடுத்தது 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேல்! இந்தக் கணக்கு மேலகரத்துப் பையனுக்கு மனப்பாடம். ப்ளஸ் டூவில் இயற்பியல் சூத்திரம் கூட இவ்வளவு சுத்தமாக அவனுக்கு வந்திருக்காது.

ஆனால் அதே பவன் ஷெராவத்தின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. 2022-ல் அவரை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து வாங்கியது நம்ம தமிழ் தலைவாஸ். முதல் மேட்ச், குஜராத் அணியோடு. அந்த மேட்ச்சிலேயே முழங்காலில் அடி. ஸீஸன் முழுக்க ஆட முடியவில்லை. அப்புறம் அந்த டீமைத் தூக்கி நிறுத்தியது யார்? நரேந்தர் என்கிற புதுப் பையன். முதல் ஸீஸனிலேயே 243 ரைடு பாயின்ட் எடுத்து, டீமை அரை இறுதி வரைக்கும் கொண்டு போனார்.

பவன் மறுபடி எழுந்து வந்து அதைவிட அதிக விலைக்குப் போனார். அவர் ஏற்கெனவே ஸ்டார். பக்கத்தில் டாக்டர் இருந்தார், பணமும் இருந்தது. ஆனால் பதினேழு வயசுப் பையனுக்கு அடிபட்டால்?

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம், அக்கா வீட்டு முற்றத்தில் நான் மார்க்கஸ் டுப்ரீ கதையைச் சொன்னேன். (விவரமாகப் பேசுவேன் என்று நம்பி கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்களே!)

அமெரிக்காவில் ஒரு ஃபுட்பால் உண்டு. கோழிமுட்டை வடிவத்தில் பந்து. அதில் 'ரன்னிங் பேக்' என்று ஓர் ஆட்டக்காரன். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாய்கிறவன் கையிலெல்லாம் சிக்காமல் நெளிந்து வளைந்து ஓட வேண்டும். நம்ம ரைடர் மாதிரியேதான். மிஸிஸிப்பி மாநிலத்தில் பிலடெல்பியா என்று ஒரு சின்ன ஊர். 1981-ல் அங்கே ஹைஸ்கூலில் ஆடிக்கொண்டிருந்த டுப்ரீயைத் தூக்க, நாடு பூராவிலிருந்தும் யுனிவர்சிடி கோச்சுகள் படையெடுத்தார்கள். ஊரிலேயே ரூம் போட்டுத் தங்கினார்கள். வில்லி மோரிஸ் என்கிற எழுத்தாளர் இதைப் பற்றி 1983-ல் ஒரு புத்தகமே போட்டார். பெண்ணின் மனசை ஜெயிக்க அவள் பின்னாலேயே சுற்றுவார்களே, அதற்கு இங்கிலீஷில் உள்ள வார்த்தையைத்தான் தலைப்பில் வைத்தார். ஆச்சி சொன்னது அமெரிக்காவுக்கும் பொருந்துகிறது, பாருங்கள்!

1982-ல் ஓக்லஹோமா யுனிவர்சிடியில் சேர்ந்தான் பையன். முதல் வருஷமே 905 கெஜ ஓட்டம். நாடே கொண்டாடியது. அடுத்த வருஷம் அக்டோபரில் கோச்சோடு ஒத்துப்போகாமல் பாதியில் விலகினான். தொழில்முறை டீமில் சேர்ந்தான். 1985-ல் முழங்கால் போயிற்று. ஐந்து வருஷம் கழித்து 1990-ல் திரும்பி வந்தான். பழைய புயல் திரும்பவில்லை. ஊரிலேயே ரூம் போட்டுத் தங்கினார்களே, அந்த ஆட்கள் எல்லாம் அப்போது வேறு ஊரில், வேறு பையன் வீட்டில் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

அங்கேயும் இப்போது காலம் மாறிவிட்டது. 2025 ஜூலையிலிருந்து காலேஜே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருஷத்துக்கு ஒரு காலேஜுக்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். நம்ம ரூபாயில் 170 கோடிக்கு மேல். ஆனாலும் முழங்கால் மட்டும் அதே பழைய முழங்கால்தான். அதற்கு இன்னும் புது மாடல் வரவில்லை!

கதையை முடித்ததும் அங்கே யாரும் பேசவில்லை. பையன் மட்டும் முறைத்துக்கொண்டு எழுந்து போனான். அத்தான் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "நான் அருவிக்கரையில துண்டும் எண்ணெயும் சிப்ஸும் விக்கிறவன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்... மூணு மாசம். அதுல வர்றதை வச்சுத்தான் வருஷம் பூரா ஓட்டணும். தண்ணி விழுதப்போ, இது எப்பவும் விழும்னு நினைச்சவன் எல்லாம் கடையை மூடிட்டுப் போயிட்டான் தம்பி."

இதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஒருத்தர், மறுநாள் காலையில் ஒருத்தர் என்று பாக்கி ரெண்டு பேரும் வந்தார்கள். முதல் நாள் வந்த ஆப்பிள்காரரும் பதில் கேட்க மறுபடி வந்துவிட்டார். மூணு பேரிடமும் அக்கா ஒரே கேள்வியைத்தான் கேட்டார்:

"ஸார், ஆடும்போது இவனுக்குக் கால் போயிட்டுன்னா, வச்சுப் படிக்க வைப்பீங்களா, வீட்டுக்கு அனுப்பிருவீங்களா?"

ஆப்பிள்காரர், "அப்படியெல்லாம் அபசகுனமாப் பேசாதீங்கம்மா" என்றார். அவர்கள் காலேஜில்தான் மேட் விரித்த உள்ளரங்கம் இருந்தது. பையனுக்கு அதன் மேல்தான் கண். ரெண்டாவது ஆள், "கடவுள் இருக்கார்" என்று மேலே கை காட்டினார். மூணாவது ஆள் கொஞ்ச நேரம் யோசித்தார். காபியைக் கீழே வைத்தார்.

"எங்ககிட்ட மேட் கிடையாதும்மா. மண் களம்தான். ஆனா, முதல் வருஷமே கால் போனாலும் மூணு வருஷம் ஃபீஸ், ஹாஸ்டல் எதுவும் கேக்க மாட்டோம். பிரின்ஸ்பால்கிட்ட கையெழுத்து வாங்கி லெட்டரா தர்றேன்" என்றார்.

பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு மேட் வேணும். லீக்ல எல்லாம் மேட்லதான் ஆடுதாங்க. மண்ணுல ஆடிட்டு எப்படிம்மா போறது?" என்று கண்ணில் தண்ணி முட்டக் கேட்டான். அவன் கேட்டதும் நியாயம்தானே? அதற்கு என்னிடம் பதில் இல்லை. நண்பரிடமும் இல்லை. அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

விடிந்ததும் பையனே ஒரு வேலை செய்தான். போனை எடுத்து ஆப்பிள்காரருக்கு அடித்தான்.

"ஸார், உங்க டீம்ல போன வருஷம் அடிபட்டவங்க யாராவது இருக்காங்களா? அந்த அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"ஒருத்தன் இருந்தான் தம்பி. அவன் நின்னுட்டான். ஏன் கேக்குற?"

"சும்மாதான் ஸார்."

அடுத்த போன், மண் களத்துக்காரருக்கு. அதே கேள்வி. அவர், "இரு, கூப்பிடுறேன்" என்று யாரிடமோ போனைக் கொடுத்தார். அந்தப் பக்கம் பேசியவனுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம். இன்னும் களத்தில் இறங்கவில்லை. ஆனால் பி.காம். மூணாவது வருஷம் போகிறான். ஜூனியர்களுக்கு ஸ்கோர் எழுதுகிறானாம். ரெண்டு பேரும் இருபது நிமிஷம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று பையன் எங்களிடம் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு அம்மாவிடம் போய், "லெட்டரை வாங்கிருங்க" என்றான். அவ்வளவுதான்.

எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று நாமெல்லாம் கணக்கு வைக்கிறோம். அடிபட்டவனை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுவதில்லை. வேலைக்கு இன்டர்வியூ போகிறீர்களா? சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற கையோடு, அந்த ஆபீஸில் போன வருஷம் ஆஸ்பத்திரியில் படுத்தவரை எப்படி நடத்தினார்கள் என்றும் விசாரித்துப் பாருங்கள். பையனிடம் நான் படித்த பாடம் இது. டியூஷன் ஃபீஸ் ஒரு அஞ்சருவிக் குளியல். தண்ணி கம்மிதான். பரவாயில்லை. பிரானூர் பார்டர் புரோட்டா அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது.

ஜூன் மாதம் பையன் ஹாஸ்டலுக்குக் கிளம்பினான். பெட்டியில் ஷூ, முழங்காலுக்குப் பட்டை, அந்த லெட்டரின் ஜெராக்ஸ். ஒரிஜினல் அக்காவின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அவன் ஆசைப்பட்ட மேட்டுக்கும் ஒரு வழி பிறந்தது. ஸீஸன் முடிந்து லீவில் வரும்போது, மேட் இருக்கிற ஊரில் ஒரு மாசம் பயிற்சிக்கு அனுப்புவதாக அத்தான் வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த வருஷம் சாரல் நன்றாகவே பிடித்ததாகக் கேள்வி.

ஆச்சிக்குத்தான் பெருமை தாங்கவில்லை. 'பேரன் நல்லாப் பாடுதான், பாடிப் போனா புடிக்கவே முடியலை' என்று மூணு நாளாக வந்தவர் போனவர் எல்லாம் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தாரல்லவா? தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்:

"எம் பேரனுக்குப் பாட்டுல காலேஜ் சீட்டு கிடைச்சிருக்குடே!"

கவிராயர் பிறந்த ஊராச்சே... யாரும் மறுத்துப் பேசவில்லையாம்!